பாசியும் பழுப்பு பாட்டிலும்



சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றால் பஞ்சில் ஒரு மருந்தை நனைத்து வைப்பார்கள். புண்ணின் மேல் வெள்ளையாகப் பொங்கும். அதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தேனார் கண்டறிந்தது. வண்ண மீன் வளர்ப்பவர்கள் இப்போது அதற்கு இன்னொரு வேலை கொடுத்திருக்கிறார்கள், பாசி எடுக்கும் வேலை.

சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் ஆசையாகத் தேடி வாங்கிய அனுபியாஸ் செடி. இரண்டே மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகருவென்று தாடி முளைத்திருக்கும். கருந்தாடிப் பாசி என்கிறோம். இனத்தால் அது சிவப்புப் பாசி. நகத்தால் சுரண்டினாலும் வராது, பெரும்பாலான மீன்கள் சீண்டாது.

இந்தத் தாடியை எடுக்க, முதலில் ஃபில்டரை நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும், ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, பாசியை ஒட்டி மெல்ல விடுங்கள். சற்று நேரத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். அது ஆக்சிஜன். பாசியின் உயிரணுக்களை அரிக்கும் மருந்து, கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகவே பிரிந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்புத் தாடி இளஞ்சிவப்பாகும். பிறகு வெளுத்து உதிரும். அந்த இளஞ்சிவப்பைப் பார்ப்பதில் ஓர் அற்பத் திருப்தி இருக்கிறது, மறைப்பானேன்.

எவ்வளவு விடுவது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறோம். நான்கு லிட்டருக்கு ஒரு மில்லி என்பது நிதானமான அளவு. ஆனால் அது 3 சதவீத மருந்துக்கான கணக்கு. நம் ஊர் மருந்துக் கடை பாட்டிலில் பெரும்பாலும் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். ஒரு மில்லி மருந்து 20 மில்லி ஆக்சிஜனை விடும் என்று பொருள். சதவீதத்தில் அது 6, அதாவது இரட்டிப்பு வீரியம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போக 40 என்று வையுங்கள். 3 சதவீதம் என்றால் 10 மில்லி, 20 வால்யூம் என்றால் 5 மில்லி போதும். இந்தக் கணக்கைப் போடாமல் ஊற்றி ஒரு பாறை நிறைய வளர்ந்திருந்த மாஸ் செடியை நான் வெளுக்க வைத்திருக்கிறேன்.

மாஸ் செடிக்கும் வாலிஸ்நேரியா செடிக்கும் இந்த மருந்து ஆகாது. வேலம்பாசி என்ற நீர்ச்செடியையும் நாம் பாசி என்றே அழைக்கிறோம். மருந்தும் நம்மைப் போலத்தான், பாசியையும் செடியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தொட்டியில் இறால் இருந்தால் இன்னும் குறையுங்கள். ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவின் பக்கம் அடர்ந்த மருந்து போகவே கூடாது.

வழுவழுவென்று படலமாகப் படர்ந்து நாறும் நீலப்பச்சைப் பாசிக்கு மட்டும் மிகக் குறைவே போதும். உண்மையில் அது பாசியல்ல, சயனோபாக்டீரியா. 2009-இல் நெதர்லாந்தின் குட்ஸ்ஹவுஸ் ஏரி முழுவதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பெராக்சைடு கலந்து, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அடக்கினார்கள். நான் சொன்ன தொட்டி அளவு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்.

ஒன்று மட்டும் இந்த மருந்தால் ஆகாது, பாசி திரும்பி வராமல் தடுப்பது. விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு, மீனுக்கு வேண்டியதற்கு மேல் தீனி போட்டால், உதிர்ந்த பாசி மறு மாதமே முளைக்கும். விளக்குக்கு ஏழு மணி நேரம் தாராளம்.

வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும். அதனால்தான் பழுப்பு பாட்டில். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சாயப்பட்டறைக்குப் போகும் அடர்ந்த சரக்கை வாங்கவே வாங்காதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும். கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும், காசு கொடுப்பதற்கு முன், அதில் எத்தனை வால்யூம் என்று ஒரு முறை பாருங்கள்.