திதி காத்திராது



ஒடிசாவிலுள்ள பூரித் தலத்தில் ஆண்டுதோறும் மூன்று தேர்கள் புதிதாகவே செய்யப்படுகின்றன. சகந்நாதர் தேருக்குச் சில்லுகள் 16. பலபத்திரர் தேருக்கு 14. சுபத்திரை தேருக்கு 12. சகந்நாதர் தேரின் உயரம் ஏறக்குறைய 45 அடி. அட்சய திருதியையன்று வேலை தொடங்கும். ஆஷாட வளர்பிறைத் துவிதியையில் தேர் ஓடவேண்டும். இடையே பெரும்பாலும் இரண்டு மாதங்களே உண்டு.

மகாரணா எனும் தச்சர் தந்தைவழிப் பயின்ற அளவுகளைக்கொண்டு மரத்தைச் செதுக்குவர். கொல்லர் இரும்பு வேலை செய்வர். ஓவியர் வர்ணந் தீட்டுவர். தையற்காரர் சீலை தைப்பர். திதியைப் பிற்போட எவராலும் இயலாது. 42 சில்லுகளில் ஒன்று குறைந்தாலும் ஒரு தேர் நின்றுவிடும்.

நாமோ விழா நெருங்கிய பின்னரே கூட்டங் கூடுகின்றோம். இவ்வுரையை நானும் நேற்றிரவே எழுதினேன். ஆகையால் பிறரைக் குறைகூற எனக்கு அருகதையில்லை.

விழா முடிந்ததும் அத்தேர்கள் கழற்றப்படும். மரத்திற் பெரும்பகுதி கோயில் மடைப்பள்ளிக்கு விறகாகும். எஞ்சுவது தச்சரின் கைப்பழக்கமே. அதனை இளையோர் அருகிருந்து கற்றாலன்றி அடுத்த ஆண்டுத் தேர் ஏது? பெரியோர்களே, உளியை எங்கள் கையிலுந் தாருங்கள். தோழர்களே, நாளை என்னாது இன்றே வருவோம்.