மீயொலித் துறையைத் தேர்வதற்கு முன்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி அண்மையில் என்னிடம், "ஐயா, ஸ்கேன் எடுக்கும் படிப்பு எனக்குப் பொருந்துமா?" என வினவினாள். தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது என நகைக்காதீர்கள். அவளுக்குக் கூறியதையே இங்கும் கூறுகிறேன்.

மேலை நாடுகள் பலவற்றில் மருத்துவரல்லாதாரும் பயிற்சி பெற்று மீயொலிக் கருவியை இயக்குவர். நம் நாட்டிலோ கருவுற்ற தாய்க்கு ஸ்கேன் செய்யும் உரிமை தகுதி பெற்ற மருத்துவருக்கே உண்டு. கதிரியக்கத் தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்கலாம்; அதுவும் நற்பணியே. மீயொலியே வேண்டுமெனில் எம்.பி.பி.எஸ்., அதன்பின் உரிய மேற்படிப்போ பயிற்சியோ என நெடுவழி நடத்தல் வேண்டும். கல்லூரி விளம்பரங்கள் இதனை உரக்கச் சொல்வதில்லை.

இக்கட்டுப்பாடு நம் மண்ணுக்கு அயலான கதையன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பெற்றது நம் சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. பிறந்த பின் நிகழ்ந்த கொடுமையைப் பிறக்கும் முன்பே நிகழ்த்தக் கருவி துணைபோகலாகாது என்றே 1994இல் சட்டம் இயற்றினர். கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ உணர்த்துதல் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. ஒவ்வொரு தாய்க்கும் படிவம் நிரப்புதல் வேண்டும்.

இருட்டறையில் நாள் முழுதும் அமர்தல், தோள்வலி, இதயத்துடிப்பு இல்லையெனத் தாயிடம் அறிவித்தல் ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். எனினும் இவை பழகிவிடும் என்றாள், இத்துறையில் மருத்துவராயுள்ள என் பழைய மாணவி. பழகாதது வேறொன்று. மகளின் ஸ்கேனுக்கு உடன்வந்த அவள் அத்தையே, "நமக்குள்ளதானே கண்ணு, ஒரு சாடை காட்டு" என்றாராம். சிரித்தாலும் சாடையாகிவிடுமே என முகத்தை இறுக்கிக்கொண்டு திரையையே நோக்கியிருந்தாளாம். பிறந்தது பெண். அத்தை மூன்றாண்டு அவளோடு பேசவில்லை. அந்தப் பேத்திதான் இன்று இருவருக்குமிடையே ஓடித் திரிகிறாள்.

"அப்படி ஒரு பகையைத் தாங்குவாயா அம்மா?" என்றேன். எண்ணிச் சொல்கிறேன் என்று போனவள் இன்னும் வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.