காலைப் பசியும் பள்ளிப் பந்தியும்



கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் நம் பிள்ளைகளின் நலன் குறித்துப் பேசப் பணித்தீர்கள். நான் காலைப் பசியைப் பற்றியே பேச விழைகிறேன். விடியுமுன் களையெடுக்கச் செல்லும் தாய், பழையது இருந்தால் வைத்துச் செல்வாள். இல்லையேல் பிள்ளை வெறும் வயிற்றோடு காலை வழிபாட்டில் நிற்கும். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு நண்பகல் பசியைத்தான் தீர்த்தது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிற்று. ஆயினும் அரசுப் பள்ளிகளுக்கே. ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அது 2024 சூலை 15-இல்தான் வந்தது. அந்த விரிவாக்கம் தொடங்கப்பெற்ற இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. இடைப்பட்ட இரண்டாண்டுகள் பசி காத்திருந்ததா?

உப்புமாவும் பொங்கலும் வந்துவிட்டால் மட்டும் போதாது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. அச்சுவர் பந்திக்குள் நுழையலாகாது. ஆகவே இளைஞர்களே, தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று, ஒருநாள் காலையில் பள்ளிக்குச் செல்லுங்கள். நம் பெண்கள் சமையற்கூடத்தில் இருக்கிறார்களா, யார் அருகே யார் அமர்கிறார், துடைப்பம் எடுக்க எந்தப் பிள்ளையை அழைக்கிறார்கள் என்று பாருங்கள். கண்டதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.