மலைவீதியும் பந்தயச் சாரதியும்

சித்திரை பிறந்ததும் நுவரெலியா நகரம் விழாக்கோலம் பூணும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள அந்நகரின் வசந்தகால நிகழ்ச்சிகளுள் குதிரைப் பந்தயத்தைப் போலவே பெயர்பெற்றது மோட்டார் வாகன மலையேற்றப் பந்தயம். மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில் அது 1934 ஆம் ஆண்டு தொடங்கியது. மலையேற்றப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திச் செல்வதில்லை. ஒவ்வொன்றாக அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, வளைவுகளைக் கடந்து மேலேறும். மிகக் குறைந்த நேரத்தில் எல்லையைத் தொட்டவரே வெற்றியாளர். ஆகவே சாரதி போட்டியிடுவது காலத்தோடு எனலாம்.

தேயிலைச் செடிகளுக்கு அருகே மண்மேட்டில் நின்று அதனைக் காணும் கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருப்பர். மலைநாட்டு வீதிகள் பலவற்றை வெட்டிச் சமன் செய்தவர்கள் அப்பிள்ளைகளின் முன்னோர். ஹட்டன் பகுதி வளைவுகளிலே கொழுந்து லொறியைப் பிசகாமல் ஓட்டிச் செல்லும் சாரதிமாருள் அவர்களுடைய உறவினரும் உண்டு. ஆயினும், பந்தய வண்டியின் ஆசனம் எளிதிற் கிட்டுவதன்று. அதற்குத் திறமையோடு பெரும் பணமும் வேண்டும். தமிழர் எவரேனும் அவ்வாசனத்தில் அமர்ந்து உலக அரங்கை எட்டியதுண்டா என்று அப்பிள்ளைகளுள் ஒருவன் வினவினால், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் வரலாற்றையே விடையாகக் கூறவேண்டும்.

1977 ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு இத்துறை பிறந்த வீட்டிலேயே அறிமுகமாயிற்று. தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய மோட்டார்ப் பந்தயங்களிலே பலமுறை வாகை சூடியவர். மகன் ஸ்ரீபெரும்புதூர்த் திடலில் ஓட்டத் தொடங்கி, 1992 இல் பிரான்ஸ் நாட்டுப் பந்தயப் பள்ளியொன்றிற் பயிற்சி பெற்றார். 1994 இல் பிரித்தானியாவின் போர்முலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996 இல் போர்முலா ஏசியா பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 2001 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் திடலில் போர்முலா வண் காரைச் சோதனைக்காக ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையை அடைந்தார். ஆனால் சோதனை ஓட்டம் வேறு, நிலையான ஆசனம் வேறு. அந்த ஆசனத்துக்காக மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 2005 மார்ச்சில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில், ஜோர்டான் அணியின் சாரதியாக அவர் அரங்கேறினார்.

அவ்வாண்டு ஜூன் 19 இல் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் பந்தயத்தில் அவர் நான்காம் இடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். இந்தியர் ஒருவர் போர்முலா வண் பந்தயத்திற் புள்ளி பெற்றது அதுவே முதன்முறை. எனினும் அந்நாளின் முழுக் கதையையும் சொல்வதே நேர்மை. மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் அத்திடலின் சரிவான வளைவுக்குத் தாங்கமாட்டா என்ற அச்சத்தால், அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகிக் கொண்டன. எஞ்சி ஓடியவை 6 கார்களே. ஆறு பேருள் நான்காமவர் என்று சிலர் ஏளனமாகப் பேசவும் அது இடமளித்தது. அவருடைய போர்முலா வண் வாழ்க்கையில் அந்த 5 புள்ளிகளுக்கு மேல் ஒன்றேனும் சேரவில்லை. 2011 ஒக்டோபரில் இந்திய மண்ணில் நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்திலும் அவர் ஓட்டியது கடைநிலை அணியொன்றின் காரையே. அதிற் பெற்றது பதினேழாம் இடம். 2012 இன் முடிவில் அந்த அணியே மறைந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. முதல்வர் என்ற புகழோடு ஓய்ந்திருந்தாலும் குறை கூறுவார் இலர். அவரோ ஓயவில்லை. 2014 முதல் ஜப்பானிற் புதிய அணிகளோடும் புதிய திடல்களோடும் பழகினார். 2019 இல், அதுவரை பழகிய ஒற்றை ஆசனக் காரை விட்டு, கூரை மூடிய கார்கள் ஓடும் சூப்பர் ஜி.ரி. தொடருக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில் புஜி திடலிலே, ஜப்பானியக் கார்களும் ஜேர்மனியின் புகழ்பெற்ற டி.ரி.எம். தொடரின் கார்களும் ஒன்றுகூடின. இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் பங்குகொண்ட அந்நிகழ்ச்சியின் இரண்டாம் நாள் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. ஆறு கார்களின் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழி அது.

பந்தயக்காரரின் மகனுக்கு இது கைகூடும். ஏழைப் பிள்ளைக்கு ஆகுமோ என்ற வினா எழலாம். பணத்தடை இன்னும் நீங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் ஹங்கேரி நாட்டு நோர்பேர்ட் மிஹேலிஸ் கணினியிற் பந்தய விளையாட்டு ஆடிப் பழகி, பின்னர் மெய்யான திடலுக்கு வந்தவர். அதே 2019 இன் டிசம்பரில், மலேசியாவின் செப்பாங்கில் நடந்த இறுதிப் பந்தயங்களின் முடிவில், உலகச் சுற்றுலாக் கார் கிண்ணத்தை அவர் வென்றார். கதவு அகலத் திறந்துவிட்டது என்று கூற இயலாது. சிறிது விலகியிருக்கிறது எனலாம்.

இதனைக் கேட்கும் இளைஞர் ஒன்றை மறத்தலாகாது. பொது வீதி பந்தயத் திடல் அன்று. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பாய்ந்ததில், பார்வையாளரும் பணியாளருமாக 7 பேர் உயிரிழந்தனர். காவல் ஏற்பாடுகள் உள்ள திடலிலேயே அந்நிலை என்றால், பேருந்தும் பள்ளிச் சிறுவரும் செல்லும் மலைவீதியில் வேகம் காட்டுவது வீரமாகுமா?

மண்மேட்டில் நின்று பந்தயம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைக்குப் பெற்றோரும் ஆசிரியரும் இந்தியானாபோலிஸ் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பின்வந்த பதினான்கு ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லவேண்டும்.