நரம்பில் ஏற்றும் கீலேஷன்: சரி என்று சொல்லுமுன்



“இரத்தக் குழாயைச் சுத்தம் செய்கிறோம்” என்று யாராவது கீலேஷன் டிரிப் ஏற்றக் கூப்பிட்டால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஈய நஞ்சு போன்றவற்றுக்கு மருத்துவமனையில், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கும் சிகிச்சை அது.

டிரிப்பில் போடும் ஈ.டி.டி.ஏ. மருந்து கெட்ட உலோகத்தை மட்டும் பிடிக்காது. துத்தநாகத்தையும் சிறுநீரில் இழுத்துப் போகும். அதில் டைசோடியம் என்ற வகை கால்சியத்தையும் இறக்கிவிடும். அப்படி இறங்கி, அமெரிக்காவில் 2003 முதல் 2005க்குள் மூவர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். துத்தநாகம் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி தளரும். சின்னம்மை வந்தவர் உடலில் பதுங்கியிருக்கும் வைரஸ் அக்கியாகக் கிளம்பவும் இடமுண்டு.

பலன்தான் என்ன? மாரடைப்பு கண்ட இனிப்புநீர்க்காரர்கள் சுமார் 1,000 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. இரத்தத்தில் ஈயம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை.

ஏற்கெனவே ஏற்றிக்கொண்டீர்களா? உதடு மரத்தாலோ, விரல் இழுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ 999. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்தால், மூன்று நாளுக்குள் கிளினிக் கெசிஹாத்தானுக்கு வாருங்கள்.

பேரப்பிள்ளைக்குத் தலசீமியா என்று மருத்துவமனையில் இரும்பை வெளியேற்ற மருந்து கொடுத்தால், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது வேறு.