சால்ட் லேக்கில் நீர் ஏன் வடிவதில்லை?

(தென்சென்னையில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 செப்டம்பர் 22 இரவும் மறுநாள் காலையும் கொல்கத்தாவில் கொட்டிய மழையின் அளவு, 24 மணி நேரக் கணக்கில், 251.4 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் என்று பொருள். துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. குறைந்தது பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள். திட்டமிட்ட நகர் என்று புகழப்படும் சால்ட் லேக்கின் தெருக்களும் மூழ்கின. இயற்கையின் சீற்றம் என்று வழக்கமான விளக்கம் தரப்பட்டது. மழை இயற்கைதான், அது வடியாமல் நின்றது இயற்கையன்று.

சால்ட் லேக் என்றால் உப்பு ஏரி. பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. கொல்கத்தாவின் நில வாட்டம் மேற்கே ஹூக்ளி ஆற்றை நோக்கியதன்று. கிழக்கே சதுப்பு நிலங்களை நோக்கியது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கிளார்க் வகுத்த கழிவுநீர்த் திட்டமும் இந்த வாட்டத்தையே பின்பற்றியது. அங்கே ஓடிய வித்யாதரி, கடல் ஓதத்தால் ஏறி இறங்கிய ஆறு. ஏறும் நீர் பரவி நிற்க உப்பு ஏரிகள் இருந்தவரை, திரும்பும் நீர் வண்டலை இழுத்துச் சென்றது. பரவும் இடம் குறுகக் குறுக வண்டல் ஆற்றிலேயே படிந்தது. 1928இல் அந்த ஆறு இறந்துவிட்டதாக அரசே அறிவித்தது. அதன்பின் நகரின் நீர், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள குல்டி ஆற்றுக்கு வெட்டுக்கால்வாய்கள் வழியே கொண்டு செல்லப்பட்டது. இன்றும் அதுவே வழி. அங்கும் கடல் ஓதம் உண்டு. ஓதம் ஏறும் வேளையில் மதகுகளை மூடியாக வேண்டும். அந்நேரத்தில் மழை கொட்டினால் நீர் காத்து நிற்க ஓர் இடம் வேண்டும்.

காத்து நின்ற இடத்தில்தான் நகரைக் கட்டினார்கள். பிதான் சந்திர ராய் முதலமைச்சராயிருந்த 1962இல், யுகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனம் ஹூக்ளியின் படுகை மணலைத் தோண்டி, நீரோடு கலந்து, குழாய்வழியே அனுப்பி ஏரியை மேடாக்கத் தொடங்கியது. பிரிவினைக்குப் பின் அகதிகளால் நிரம்பி வழிந்த மாநகருக்கு வீட்டுமனை தேவைப்பட்டது. அத்தேவையை நான் குறைகூற வரவில்லை. ஏரி செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்ற கேள்விக்குத்தான் போதிய விடை தேடப்படவில்லை. அவ்வேலை கேஷ்டோபூர் கால்வாயின் மீதும் கிழக்கு வடிகால் கால்வாயின் மீதும் விழுந்தது. கால்வாயில் நீர்மட்டம் தெருவடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், எத்தனை பம்புகள் வைத்தாலும் நீர் போக இடமில்லை.

எஞ்சியிருப்பது கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ‘பேரி’ எனப்படும் மீன்பண்ணைகளில் நகரின் கழிவுநீர் வெயிலாலும் பாசியாலும் தூய்மையாகி, மீனாகத் திரும்பி நகருக்கே வருகிறது. பொறியாளர் துருவஜோதி கோஷ் இதை உலகறியச் செய்தார். 1992இல் இந்நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாதென்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. கழிவுநீர் தடையின்றி வந்தால்தான் பேரித் தொழிலாளிக்குப் பிழைப்பு. ஆகவே வாய்க்கால், கரை, மதகு எல்லாவற்றையும் அவர்கள் அன்றாடம் கவனிக்கிறார்கள். ஆகாயத்தாமரையைக்கூட வீணாக்காமல், அலை கரையை அரிக்காதபடி ஓரங்களில் வளர்க்கிறார்கள். வடிகாலைக் காப்பது அவர்கள் வாழ்க்கையோடு பிணைந்திருக்கிறது. ஒரு ஹெக்டேர் பேரியில் நீர் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் பத்து லட்சம் லிட்டர் அங்கே நிற்கும். அதைத் தூர்த்து அடுக்ககம் எழுப்பும் முதலாளி இலாபத்தை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பத்து லட்சம் லிட்டரை வேறொருவர் வீட்டுக்கு அனுப்புகிறான்.

நகருக்குள் நிலைமை நேர்மாறானது. விதான்நகர் மாநகராட்சி ஒரு பக்கம், ஐந்தாம் செக்டாருக்கு நவதிகந்த ஆணையம் தனியாக, கால்வாய்களுக்கு நீர்ப்பாசனத் துறை. ஒன்றையொன்று கைகாட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? வடிகாலில் இறங்கும் தொழிலாளியோ பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். 2025 ஜனவரி 29 அன்று, கொல்கத்தாவும் சென்னையும் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நான்கே நாட்களில், பிப்ரவரி 2 அன்று, கிழக்குக் கொல்கத்தாவின் பாந்தலா தோல் வளாகத்தில் மூன்று தொழிலாளர்கள் அத்தகைய குழிக்குள் இறந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் ரிப்பன் மாளிகை முன் நிரந்தரப் பணி கேட்டு அமர்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவின் எந்த வடிகால் எங்கே அடைக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் அறிந்த கைகளை வெளியேற்றிவிட்டு, மழைக்கு முன் அவசரமாக ஒப்பந்தம் விடுவது எந்தக் கணக்கில் சிக்கனம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்ததும் குற்றவாளியாக நிறுத்தப்படுவோர் கால்வாய்க் கரைக் குடிசைவாசிகள். சால்ட் லேக் வீடுகளில் பாத்திரம் துலக்கும், சமைக்கும் பெண்கள் பலர் அத்தகைய குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களே. கூவம் கரையில் நாம் கண்டதும் இதுதான். கரையில் குடிசை இருப்பது தூர்வாரத் தடையாகும் இடங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. அங்கே அருகிலேயே மாற்று வீடு தந்தபின் பணி தொடங்கட்டும். ஆனால் குடிசையைக் காட்டி, தூர்த்த ஏரியின் மேல் நிற்கும் வளாகங்களை மறைக்க விடக்கூடாது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையில் நம் கண்ணெதிரே நிற்பவை எவை என்பது உங்களுக்குத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிளைகள் தத்தம் பகுதியின் வடிகாலை, தொடங்கும் தெருவிலிருந்து சேரும் கால்வாய் வரை நடந்து பார்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தாரையும், அப்பகுதித் தூய்மைப் பணியாளர்களையும் உடன் அழையுங்கள். அடைப்பு எங்கே என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எந்த இடம் எந்தத் துறைக்குரியது, கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து முதல் மழையில் மீண்டும் உள்ளே விழச் செய்தார்களா, தாழ்ந்த இடங்களில் மின்பெட்டி தரையோடு இருக்கிறதா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அறிக்கைகள் பகுதிக்குழுவுக்கு வந்து சேரட்டும். வேளச்சேரித் தோழர்கள் ஏரியின் உபரிநீர்க் கால்வாயிலிருந்து தொடங்கலாம்.