முதலீட்டின் மதிப்பு: பெங்களூரு தரும் இரு பாடங்கள்



ஒரு நிறுவனத்தின் மதிப்பு யாது? ஒரு திட்டத்தில் பணம் இடுவது தகுமா? இவ்விரு வினாக்களுக்கும் நிதி நிர்வாக இயல் ஒரே விடையைத் தருகிறது. எதிர்காலத்தில் கிடைக்கவிருக்கும் நிகர வரவுகளை, காலத்திற்கும் இடருக்கும் ஏற்பத் தள்ளுபடி செய்து, இன்றைய மதிப்பாகக் கணக்கிட வேண்டும். தள்ளுபடி வீதம் 12 சதவீதமாயின், ஐந்தாண்டுகள் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 57 ரூபாய். பத்தாண்டுகள் கழித்து வருமாயின் 32 ரூபாயே. வாய்பாடு எளிது, அதில் இடப்படும் அனுமானங்களே கடினமானவை.

1992 வரை, நிறுவனங்கள் பொதுமக்களுக்கு விற்கும் பங்குகளின் விலைக்கு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டது. நிகரச் சொத்து மதிப்பும் கடந்த ஆண்டுகளின் சராசரி இலாபமும் அதற்கு அடிப்படையாயின. அவ்வாண்டு அச்சட்டம் நீக்கப்பட்டது. 1993 பிப்ரவரியில், பெங்களூருவின் இன்ஃபோசிஸ் நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டது. மென்பொருள் நிறுவனத்தில் கட்டிடமும் இயந்திரமும் குறைவு. ஈட்டும் ஆற்றல் பொறியாளர்களின் திறமையில் உள்ளது. வெளியீடு முழுமையாக விற்பனையாகவில்லை. மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 13 சதவீதப் பங்குகளை வாங்கியது. ஜூன் மாதம் சந்தையில் அப்பங்கு 145 ரூபாயில் தொடங்கிற்று. சில மாதங்களில் நிறுவனம் மாறிவிடவில்லை. அதன் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பே மாறியது. ஆயினும், அதே ஆண்டுகளில் மிகை விலைக்குப் பங்கு வெளியிட்ட வேறு நிறுவனங்களை நம்பிச் சேமிப்பை இழந்தோரும் பலர் என்பதை மறத்தலாகாது.

பொதுத் திட்டங்களில் பிழை பெரும்பாலும் எதிர்த்திசையில் நேர்கிறது. பெங்களூரு மெட்ரோவின் முதற்கட்டம் 2006 ஏப்ரலில், 33 கிலோமீட்டருக்கு 6,395 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. பின்னர் நீளம் 42.3 கிலோமீட்டராகவும், மதிப்பீடு 8,158 கோடியாகவும் உயர்ந்தன. நிலம் எடுப்பதிலும் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைப்பதிலும் தாமதம் ஏற்பட்டது. 2011 அக்டோபரில் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. 2017 ஜூனில் முதற்கட்டம் முழுமை பெற்றபோது செலவு சுமார் 13,845 கோடி. செலவு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பயன் தள்ளிப்போவதால் குன்றும் மதிப்போ எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

எனினும், பயணச்சீட்டு வருவாயைக் கொண்டு மட்டும் இத்தகைய திட்டத்தை எடைபோடுதல் முறையன்று. மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்துகள் ஆகியனவும் சமுதாயத்தின் வரவுகளே. எனவேதான் 2017ஆம் ஆண்டின் மெட்ரோ இரயில் கொள்கை, 8 சதவீத நிதி ஆதாய வீதத்திற்குப் பதிலாக 14 சதவீதப் பொருளாதார ஆதாய வீதத்தை அளவுகோலாக்கியது. ஆனால் நேரத்திற்கு விலை மதிப்பதும் அனுமானமே. விரும்பிய விடைக்கேற்ப அதனை உயர்த்த இடமுண்டு.

ஆகவே, கோப்பில் வரும் ஒற்றை எண்ணோடு அதிகாரிகள் நிறைவடையலாகாது. செலவு கால்பங்கு கூடினால், பணி மூன்றாண்டு தாமதித்தால், பயணிகள் குறைந்தால் திட்டம் தாங்குமா என்று ஒப்புதலுக்கு முன்னரே வினவ வேண்டும். தனியார் முதலீட்டாளர் தவறினால் இழப்பு அவருடையது. அரசு தவறினால், கட்டப்படாமற் போன பள்ளியும் மருத்துவமனையுமே அதன் விலை.